துணைப் பம்ப்

மார்ச் 4

வீட்டில் இருப்பவருக்கு,

போனை எடுக்கிறீர்கள், என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறீர்கள். வைப்பதற்கு முன்னால் ஒரு பெருமூச்சு மட்டும் வருகிறது. ஆள் நல்லபடியாக இருக்கிறார் என்பதை அந்த மூச்சை வைத்துத்தான் தெரிந்துகொள்கிறேன். இங்கே வந்து முதல் தடவை போன் செய்தபோது, இனிமேல் என்னோடு பேச மாட்டேன் என்றுதானே சொன்னீர்கள். படிக்க மாட்டேன் என்று சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன்.

சொல்லாமல் கிளம்பி வந்தது தப்பு என்று எழுதுவேன் என எதிர்பார்த்தால் ஏமாந்து போவீர்கள். நாம் தூக்கி வளர்த்த பேத்தி வாலு வேலை இடத்தில் மயங்கி விழுந்துவிட்டாள் என்று செய்தி வந்தபோது, நீங்கள் கையில் இருந்த பேப்பரை மடிக்கக்கூட இல்லை. "அவளுக்குத்தான் யாரும் வேண்டாமே" என்றீர்கள். அதற்கு மேல் எனக்கு அங்கே நிற்கப் பிடிக்கவில்லை.

வாலு நன்றாக இருக்கிறாள். வியாதி ஒன்றும் இல்லை. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்காமல் கிணற்றடியில் நின்றால் யாருக்கும் தலை சுற்றும். இங்கே கேன்டீனில் சமைத்துக்கொண்டிருந்தவர் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டார். ஆட்கள் எல்லாம் பிஸ்கட்டைத் தின்று ஏப்பம் விட்டுக்கொண்டிருந்தார்கள். பார்க்கச் சகிக்கவில்லை, கரண்டியைக் கையில் எடுத்தேன். இப்போது எனக்கு ஒரு மஞ்சள் தொப்பி கொடுத்திருக்கிறார்கள், இரும்பு மாதிரி கெட்டியாக. அதைப் போடாமல் கேட்டுக்குள் விட மாட்டார்கள். இடுப்பில் ஒரு சின்னப் பெட்டி வேறு செருகிக்கொள்ள வேண்டும். எங்காவது வாயு கசிந்தால் அது கத்தும். இதுவரை ஒரே ஒரு முறைதான் கத்தியது, பேட்டரி தீர்ந்துபோய்.

இங்கே என்ன வேலை நடக்கிறது என்று நீங்கள் கேட்க மாட்டீர்கள். நானே சொல்கிறேன். தூரத்தில் ஒரு சிமென்ட் ஆலை இருக்கிறது. அதன் புகையிலிருந்து கரியமில வாயுவைத் தனியாகப் பிரித்து, இறுக்கி, குழாய் வழியாக இங்கே அனுப்புகிறார்கள். இங்கே அதை ஒரு ஆழ்கிணற்றில் இறக்குகிறார்கள். பெரிய மலையைக் கவிழ்த்து உள்ளே விட்டாலும் அடி தொடாது, அத்தனை ஆழம். அங்கே பாறை கடற்பஞ்சு போலப் பொடிப்பொடி ஓட்டையாக இருக்கிறதாம். அதற்கு மேலே ஓட்டையே இல்லாத பாறை, பானைக்கு மூடி போட்டது போல. உள்ளே போனது போனதுதான். இவ்வளவு வரைக்கும் வேறு ஊர்களிலும் செய்கிறார்கள். நம்மவள் செய்வது இதற்கு அடுத்த படி.

அந்த ஆழத்தில் பாறை தகிக்கிறது. கீழே போன வாயு அந்தச் சூட்டை வாங்கிக்கொண்டு பரவுகிறது. அதில் ஒரு பங்கை மட்டும் இரண்டாவது கிணறு வழியாக மேலே கொண்டுவந்து, அது சீறி வருகிற வேகத்தில் டர்பைனைச் சுற்றவிட்டு, குளிரவைத்து, மறுபடியும் கீழேயே அனுப்பிவிடுகிறார்கள். வாயு பூமிக்குள்ளேயே இருக்கும், சூடு மட்டும் மின்சாரமாக நமக்கு வரும். குப்பையைப் புதைத்த இடத்திலிருந்து விளக்கு எரிகிறது. முதல் தடவை கேட்டபோது எனக்குக் கை மயிரெல்லாம் குத்திட்டு நின்றது.

இனி உங்களுக்குப் பிடிக்காத பகுதி. குளிர்ந்த வாயு கனம், முதல் கிணற்றில் தானே இறங்கும். சூடான வாயு லேசு, இரண்டாவது கிணற்றில் தானே ஏறும். முதலில் ஓட்டிவிட ஒரு பெரிய பம்ப் இருக்கிறது. ஓட்டம் பிடித்த பிறகு பம்பை நிறுத்திவிட்டாலும் அது தானாகச் சுற்றிக்கொண்டிருக்கும் என்பது வாலுவின் கணக்கு. பம்ப் ஓடிக்கொண்டே இருந்தால், வருகிற மின்சாரத்தை அதுவே தின்றுவிடும், அப்புறம் இத்தனை பாடு எதற்கு? 20ஆம் தேதி தலைமை அலுவலகத்திலிருந்து பெரிய அதிகாரி வருகிறார். அவர் கண் முன்னால் பம்பை நிறுத்திக் காட்ட வேண்டும். டர்பைன் நின்றுபோனால் இரண்டாவது கிணற்றை அடைத்துவிட்டு இதை வெறும் வாயுக் கிடங்காக ஆக்கிவிடுவார்கள். வாலு பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

உங்கள் இரத்த அழுத்த மாத்திரை, துணி பீரோவில் இரண்டாவது தட்டில், துண்டுகளுக்குப் பின்னால் இருக்கிறது. தேடிவிட்டுக் கிடைக்கவில்லை என்று சும்மா இருந்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
சொல்லாமல் போனவள்

மார்ச் 9

மஞ்சள் தொப்பிக்காரிக்கு,

மாத்திரை கிடைத்தது. துண்டுகளுக்குப் பின்னால் மாத்திரை வைப்பது எந்த ஊர் வழக்கம் என்று தெரியவில்லை.

நீ இல்லாததால் இங்கே ஒன்றும் குறைந்துபோய்விடவில்லை. சமைக்கிறேன், சாப்பிடுகிறேன். பெரிய வாணலியின் அடி கொஞ்சம் கறுத்துவிட்டது, அது பழசு. வால்வு தினமும் சாயங்காலம் வந்து சீட்டாடுகிறான். நான் பம்ப் ஓட்டிய காலத்தில் அவன் வால்வு திறந்தவன் என்பதால்தான் அவனை வீட்டுக்குள் விடுகிறேன், அவன் ஆட்டத்துக்காக இல்லை.

பேப்பரை மடிக்கவில்லை என்று குத்திக்காட்டியிருக்கிறாய். மடித்தால் என் கை நடுங்குவது உனக்குத் தெரிந்திருக்கும். அது போகட்டும்.

அவள் என்ன சொல்லிவிட்டுப் போனாள் என்பதை நீ மறந்துவிட்டாய், நான் மறக்கவில்லை. நகரத்துக்குத் தண்ணீர் கொடுக்கும் நிலையத்தில், நான் வாழ்நாள் முழுக்க நின்ற இடத்தில், பெரியவர்களிடம் பேசி அவளுக்கு ஒரு நல்ல வேலைக்கு வழி செய்து வைத்தேன். அவள் சிரித்துக்கொண்டே, "தாத்தா, நான் பம்பே வேண்டாத வேலைக்குப் போறேன்" என்றாள். நான் ஓட்டிய பம்ப் ஒரு நாள் நின்றிருந்தால் இந்த நகரத்தில் ஒருத்தனும் முகம் கழுவியிருக்க மாட்டான். என் காலம் முழுவதும் நான் செய்தது வேண்டாத வேலை என்று என் மடியில் வளர்ந்த பெண் சொல்லிவிட்டுப் போகிறாள், நீ அவளுக்கு வடித்துக் கொட்டப் பின்னாலேயே ஓடுகிறாய்.

ஒன்று எழுதுகிறேன், வைத்துக்கொள். பம்ப் இல்லாமல் எதுவும் மேலே வராது. இதற்குப் படிப்பு வேண்டியதில்லை, கண்ணும் காதும் இருந்தால் போதும். 20ஆம் தேதி அது நிற்கும். நின்றதும் இருவரும் கிளம்பி வாருங்கள், நான் ஒரு வார்த்தை கேட்க மாட்டேன். ஒருவேளை சுற்றிவிட்டால் நானே அங்கே வந்து உன் கேன்டீன் பாத்திரம் அத்தனையும் துலக்குகிறேன்.

வீட்டில் இருப்பவன்

மார்ச் 20, மத்தியானம்

பாத்திரம் துலக்கப் போகிறவருக்கு,

சுற்றுகிறது.

தபால் எடுக்கிறவர் வாசலில் வண்டியை நிறுத்திக்கொண்டு நிற்கிறார், வேகமாக எழுதுகிறேன், எழுத்து கோணினால் பொறுத்துக்கொள்ளுங்கள். கட்டுப்பாட்டு அறைக்கு வெளியே கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெரிய பம்பை நிறுத்தினார்கள். பம்பின் அளவு காட்டும் முள் பூஜ்யத்துக்கு விழுந்தது. டர்பைன் சத்தம் துளியும் குறையவில்லை. அரை மணி நேரம் அப்படியே. தலைமை அலுவலகத்துப் பெரியவர் கையைத் தட்டினார், அப்புறம் எல்லோரும் தட்டினார்கள், கிரேன் ஓட்டுகிற பையன் என்னைத் தூக்கிச் சுற்றி இறக்கிவிட்டான். இந்த வயதில் என்னைத் தூக்கிய முதல் ஆண்பிள்ளை அவன்தான், நீங்கள் கல்யாணம் ஆன புதிதில்கூட தூக்கினதில்லை.

வாலு சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் என்னிடம் வந்து, "தாத்தாவுக்கு எழுது" என்றாள். அவளே சொன்னாள், நானாக எழுதவில்லை.

ஐந்தாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவளின் பேத்தி இதைச் செய்திருக்கிறாள். இங்கே எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டது. அங்கே சொல்ல வேண்டியது உங்கள் பொறுப்பு. இங்கே அண்டா மூன்று இருக்கிறது, நல்ல கனம், முட்டிக்குத் தைலம் தடவிக்கொண்டு வாருங்கள்.

அவளுடைய பாட்டி

மார்ச் 23

அவளுடைய பாட்டிக்கு,

கடிதம் வந்தது. இரண்டாவது தடவையும் படித்தேன், எழுத்து கோணலாக இருந்ததால்.

நம்பவில்லை என்று எழுத உட்கார்ந்தேன். வரவில்லை. எழுந்துபோய் வால்வு வீட்டுக் கதவைத் தட்டினேன். அவன் படித்துவிட்டு, "பம்ப் இல்லாமலா?" என்றான். "இல்லாமத்தான்டா, என் பேத்தி செஞ்சது" என்றேன். என் வாயிலிருந்து அது வந்ததை நானே நின்று கேட்டேன். அப்புறம் இரண்டு பேரும் தண்ணீர் நிலையத்துக்கே நடந்தோம். இப்போது அங்கே பம்ப் ஓட்டுகிற பையன்களிடம் சொன்னேன். பெரிய மேலாளர் வெளியே வந்து என்னை உள்ளே உட்கார வைத்தார். அவருக்கும் சொன்னேன், கனம், லேசு, இறங்குவது, ஏறுவது எல்லாம். உன் கடிதத்தில் இருந்ததுதான், நான் கொஞ்சம் ஒழுங்காகச் சொன்னேன். அவர் பொறியாளர்களையும் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னார். ஒருத்தர் குறித்துக்கொண்டார். இரண்டு தடவை டீ வந்தது.

திரும்பி வரும்போது தெருவில் தையற்காரர் கேட்டார், இஸ்திரிக்காரர் கேட்டார். அடுத்த சனிக்கிழமைக்கு வண்டி பதிவு செய்திருக்கிறேன். புதுச் சட்டை இரண்டு எடுத்தேன். அண்டாவைப் பற்றி எனக்குப் பயம் இல்லை.

அவளிடம் சொல். என்ன சொல்வது என்று தெரியவில்லை. நேரில் சொல்லிக்கொள்கிறேன்.

தாத்தா

மார்ச் 26

உங்களுக்கு,

வண்டியை ரத்து செய்துவிடுங்கள். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், கடைசி வரைக்கும் சந்தோஷமாகப் படித்துக்கொண்டு போகாமல் இருக்க.

அது சுற்றவில்லை. சுற்றியது, ஆனால் தானாக இல்லை.

அன்று சாயங்காலமே தெரிந்துவிட்டது. என் கடிதம் அதற்குள் தபாலில் போய்விட்டிருந்தது. ஒவ்வொரு நாளும் எழுத உட்கார்ந்து காகிதத்தை மடித்து வைத்தேன். இன்று உங்கள் கடிதம் வந்தது, இரண்டு புதுச் சட்டையோடு. பாத்திரம் கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று படித்தேன். குழாயைத் திறந்துவிட்டதுகூடத் தெரியவில்லை, தரையெல்லாம் தண்ணீர்.

நடந்தது இதுதான். பெரிய பம்ப் திடீரென்று நின்றால் தானாகவே ஓடத் தொடங்குகிற சின்னப் பம்ப் ஒன்று பின்பக்கக் கொட்டகையில் இருக்கிறது. துணைப் பம்ப். அது முதல் திட்டத்தில் கிடையாது. போன மாதம் வாலுதான் அடம்பிடித்து வாடகைக்கு வாங்கி வைத்தாள். வேண்டாம் என்று எல்லோரும் சொன்னார்களாம். "ஒரு பம்புக்குப் பக்கத்துல இன்னொரு பம்ப் நிக்காம நான் எந்தப் பம்பையும் ஓட்ட மாட்டேன்" என்றாளாம். இது யார் பேச்சு என்று உங்களுக்கே தெரியும். அவள் கைக்குழந்தையாக இருந்தபோதிருந்து நம் வீட்டில் கேட்ட பேச்சு.

சோதனை அன்று அதை அணைத்து வைக்க வேண்டும். பரபரப்பில் மறந்துவிட்டாள். பெரிய பம்பை நிறுத்தியதும் சின்னது அதன் பாட்டுக்கு ஓட ஆரம்பித்துவிட்டது. அவசரமாக வாங்கி வைத்தது என்பதால் அதன் விளக்கு கட்டுப்பாட்டு அறையில் இல்லை, கொட்டகையில்தான் இருக்கிறது. டர்பைன் போடுகிற கூச்சலில் அதன் சத்தம் யாருக்குக் கேட்கும்? நாங்கள் கைதட்டிக்கொண்டிருந்தபோது அது பின்னால் தனியாக உழைத்துக்கொண்டிருந்திருக்கிறது.

சாயங்காலம் கொட்டகை வழியாக வந்தவள், போகிற போக்கில் அதன் மேல் உள்ளங்கையை வைத்திருக்கிறாள். சூடு. பெரியவர் அப்போதுதான் காரில் ஏறிக்கொண்டிருந்தார். இவள் ஓடினாள், நானும் தொப்பி இல்லாமல் பின்னால் ஓடினேன்.

"சார், நீங்க பாத்தது நிஜம் இல்ல. எங்க துணைப் பம்ப் ஓடியிருக்கு. அணைக்க மறந்தது நான்தான்."

அவர் கார்க் கதவைப் பிடித்தபடி நின்றார். "நீ சொல்லலைன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காதேம்மா."

"எனக்குத் தெரிஞ்சிடுச்சே சார்."

அவர் காரில் ஏறிப் போய்விட்டார். அன்றிலிருந்து அவள் யாரிடமும் பேசுவதில்லை. சாப்பிடுகிறாள். நான் முன்னால் உட்கார்ந்திருப்பதால் சாப்பிடுகிறாள்.

தண்ணீர் நிலையத்தில் என்ன சொல்லப் போகிறீர்களோ தெரியவில்லை. என்னைத் திட்டுங்கள், அவளைத் திட்டாதீர்கள்.

பாட்டி

மார்ச் 30

தொப்பி இல்லாமல் ஓடியவளுக்கு,

தண்ணீர் நிலையத்துக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். மேலாளர் நல்ல மனிதர், சிரிக்கவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. இஸ்திரிக்காரரிடம் வால்வை அனுப்பிச் சொல்லச் சொன்னேன். வண்டியை ரத்து செய்தாகிவிட்டது. சட்டையைத் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டார்களாம்.

துணைப் பம்ப் தானாக ஓடியதில் தப்பு ஒன்றும் இல்லை. அதன் வேலையே அதுதான். பெரியது நின்ற அந்தக் கணமே பிடித்துக்கொண்டது என்றால், அதை வைத்தவளின் வேலை சுத்தம். டர்பைன் சத்தம் துளியும் குறையவில்லை என்று நீ எழுதியிருந்தாய் பார், அதை நான் மறுபடியும் எடுத்துப் படித்தேன். அப்படி ஒரு துணைப் பம்பை நானே வைத்ததில்லை.

ஆனால் நான் சொன்னதுதானே நடந்தது. பம்ப்தான் ஓட்டியிருக்கிறது. கிளம்பி வாருங்கள். மேல் அறையைச் சுத்தம் செய்து வைத்திருக்கிறேன். அவள் படிப்பு மேஜையை ஜன்னலுக்குப் பக்கத்தில் நகர்த்திவிட்டேன், வால்வும் ஒரு பக்கம் பிடித்தான். தண்ணீர் நிலைய வேலை இன்னும் காலியாகத்தான் இருக்கிறது, மேலாளரே சொன்னார். நான் கேட்கவில்லை.

எப்போது வருகிறீர்கள் என்று எழுது. பால்காரரிடம் சொல்ல வேண்டும்.

தாத்தா

ஏப்ரல் 4

மேஜையை நகர்த்தியவருக்கு,

பால்காரரிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம். மேஜையை இருந்த இடத்திலேயே போடுங்கள், ஜன்னல் பக்கம் மழைச்சாரல் அடிக்கும்.

பெரியவர் செய்தி அனுப்பியிருக்கிறார். இன்னொரு தடவை செய்து பார்க்கலாம் என்கிறார், 15ஆம் தேதி. பொய்யான வெற்றியை வாயைத் திறந்து கெடுத்துக்கொண்ட ஆளை நம்பி இன்னும் ஒரு தடவை பார்க்கலாம் என்று மேலிடத்தில் சொன்னாராம். இன்னும் ஒரே தடவை. அதற்கு ஒரு நிபந்தனை. துணைப் பம்பை அணைத்து வைத்தால் போதாது, கழற்றி எடுத்து எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி கேட்டுக்கு வெளியே வைக்க வேண்டும். யாரும் அப்புறம் ஒரு சொல் சொல்லக்கூடாது.

அங்கேதான் முட்டிக்கொண்டு நிற்கிறது. அவளால் கழற்ற முடியவில்லை. தினமும் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போகிறாள். நான் டீ கொண்டுபோகிற சாக்கில் எட்டிப் பார்க்கிறேன். சும்மா நிற்கிறாள். நேற்று கேட்டேவிட்டேன். "இது இல்லாம பெரிய பம்பை நிறுத்தினா, ஏதாவது ஆச்சுன்னா பிடிக்க ஒண்ணும் இல்ல பாட்டி. எனக்குக் கை வரமாட்டேங்குது" என்றாள். ஆட்களை விட்டுக் கழற்றச் சொல்லலாம். ஆனால் இவள் முகத்தைப் பார்த்துவிட்டு எவனும் பக்கத்தில் போகத் துணியவில்லை. கூட வேலை செய்கிறவர்கள் சொல்லிப் பார்த்தார்கள். கணக்கெல்லாம் சரியாக இருக்கிறது என்று அவளுக்கே தெரியும். கணக்கு சொல்வதைக் கை கேட்கவில்லை.

இதை அவள் கைக்குள் வைத்தது நீங்கள். எடுக்க வேண்டியதும் நீங்கள்தான். நான் சொன்னால் எடுபடாது, எனக்குக் கரண்டிதான் தெரியும். நீங்கள் எழுத வேண்டும், கழற்று என்று.

எழுதுவீர்களா என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. கிணறு தோற்றால் உங்களுக்கு வீட்டில் இரண்டு ஆள் திரும்பக் கிடைக்கும். ஜெயித்தால் நாங்கள் வரமாட்டோம். எது நடக்க வேண்டும் என்று இருக்கிறது உங்களுக்கு? வால்வோடு சீட்டு ஆடிக்கொண்டே யோசித்துப் பாருங்கள். 15ஆம் தேதிக்கு முன்னால் பதில் வர வேண்டும்.

பாட்டி

ஏப்ரல் 9

உனக்கு,

உன் கடிதம் வந்ததிலிருந்து சீட்டுக் கட்டை வெளியே எடுக்கவில்லை. வால்வு வந்து வாசலில் நின்றுவிட்டுப் போய்விட்டான்.

நீ கேட்டதற்கு முதலில் பதில். நீங்கள் தோற்க வேண்டும் என்றுதான் இருந்தது. முதல் கடிதம் வந்தபோதும், துணைப் பம்ப் ஓடிவிட்டது என்று எழுதினாயே அப்போதும். தண்ணீர் நிலையத்தில் தலை குனிந்துவிட்டு வெளியே வந்தேனா, தெருமுனை தாண்டவில்லை, இனி வந்துவிடுவார்கள் என்று மனசு துள்ளியது. அன்று மேஜையை நகர்த்தியது அதனால்தான். இதை எழுதிவிட்டுப் படித்துப் பார்க்கிறேன். அடித்துவிடலாம் என்று பார்த்தேன், இருக்கட்டும். வீடு சத்தமே இல்லாமல் இருக்கிறது. எனக்குச் சத்தம் இல்லாத இடத்தில் இருந்து பழக்கம் இல்லை.

இனி எழுதுவது அவளுக்கு. இந்த இடத்திலிருந்து படித்துக் காட்டு, மேலே உள்ளதைப் படிக்காதே.

வாலு, துணைப் பம்ப் இல்லாமல் ஓட்டாதே என்று நான் ஏன் சொன்னேன் என்று உனக்குச் சொன்னதே இல்லை. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு வெயில் காலத்தில், எங்கள் ஒரே பம்ப் நின்றுவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வந்து வாசலில் நின்றார், பிரசவ வார்டில் தண்ணீர் இல்லை என்று. நான் பானையில் மொண்டு கொடுத்தேன். ஒரு நகரத்துக்குப் பானையில் மொண்டு கொடுக்க முடியுமா? பம்ப் ஓடுகிற வரைக்கும் அந்த ஆள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அதற்குப் பிறகுதான் நான் அப்படி ஆனேன். உன்னையும் அப்படி ஆக்கிவிட்டேன்.

ஆனால் கேள். தண்ணீருக்கு மேலே வர இஷ்டம் கிடையாது. பம்ப் நின்றால் அது அங்கேயே உட்கார்ந்துவிடும், அதனால்தான் துணை வேண்டும். உன் வாயுவுக்கு மேலே வர இஷ்டம் இருக்கிறது என்று நீதானே சொல்கிறாய். கனம் இறங்கும், லேசு ஏறும். மேலாளரிடம் அதைச் சொன்னது நான், சொல்லும்போது நம்பித்தான் சொன்னேன். நம்பாததுபோல் இருந்தது வேறு காரணத்துக்காக, அது உன் கணக்கைப் பற்றியது இல்லை. நிற்காத ஒன்றுக்குத் துணை நிறுத்துவது, அதை நம்பவில்லை என்று சொல்வது.

கழற்று. முதல் போல்ட்டை நீயே கழற்று, ஆளை விடாதே. மீதியை வேண்டுமானால் மற்றவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். ஏதாவது ஆனால் தாத்தா சொன்னார் என்று சொல்.

அவ்வளவுதான். இதற்குக் கீழே ஒன்றும் இல்லை.

ஏப்ரல் 16, விடியற்காலை

உங்களுக்கு,

இந்தக் கடிதத்தை எழுத வெளிச்சம் தருகிற விளக்கு எரிவது பூமிக்கு அடியிலிருந்து வருகிற மின்சாரத்தில். நேற்று மத்தியானத்திலிருந்து எரிகிறது. இதை முதலிலேயே எழுதிவிட்டேன், போன தடவை மாதிரி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படிக்க வேண்டாம். இரண்டு தரம் கொட்டகைக்குப் போய் என் கண்ணாலேயே பார்த்துவிட்டு வந்தேன், அங்கே நான்கு போல்ட் துளையும் எண்ணெய்க் கறையும்தான் இருக்கிறது.

உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். நீங்கள் சொன்ன இடத்திலிருந்துதான். ஆஸ்பத்திரி ஆள் வந்ததைப் படிக்கும்போது ஸ்பேனரை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். "இஷ்டம் இருக்கு" என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். எழுந்து போனாள். முதல் போல்ட் வர அடம்பிடித்தது. எண்ணெய் விட்டு, தட்டி, காலை ஊன்றி இழுத்தாள். அது கொடுத்த சத்தம் கேன்டீன் வரைக்கும் கேட்டது.

நேற்று பெரியவர் வந்தார். கேட்டுக்கு வெளியே இருந்த துணைப் பம்பைக் காலால் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தார். இந்தத் தடவை என்னையும் அறைக்குள் விட்டார்கள், வாலு சொன்னதால்.

பெரிய பம்பை நிறுத்தினாள். போன தடவை சத்தம் குறையவே இல்லையா, இந்தத் தடவை குறைந்தது. வேகம் காட்டும் முள் விழுந்தது. டர்பைன் ராகம் இறங்கிக்கொண்டே வந்தது, தூங்கப் போகிற குழந்தை அழுகை மாதிரி. பாதிக்குக் கீழே போய்விட்டது. பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், அவருக்குப் பார்க்க இஷ்டம் இல்லை என்று எனக்குப் புரிந்தது. பம்ப் பொத்தானுக்குப் பக்கத்தில் இருந்தவர், "மறுபடி போட்டுடலாமா மேடம்?" என்று கேட்டார்.

"கையை எடுங்க" என்றாள்.

அந்தக் குரலை நான் வேறு ஒருவரிடம் கேட்டிருக்கிறேன். கல்யாணமான புதிதில் உங்களுக்குச் சாப்பாடு கொண்டுவந்தபோது, ஒரு பையன் ஓடுகிற பம்ப் பக்கத்தில் கையை நீட்டினான், நீங்கள் அவனிடம் பேசிய குரல்.

பொத்தானுக்குப் பக்கத்தில் இருந்தவர் கையை எடுத்தார். முள் அங்கேயே நின்று நடுங்கியது. விழவும் இல்லை, ஏறவும் இல்லை. எனக்கு மூச்சு விடவே பயம். அப்புறம் ஒரு கோடு ஏறியது. யாரும் கைதட்டவில்லை, போன தடவை தட்டிச் சூடுபட்டதால். இன்னொரு கோடு. கிணற்றில் சூடு வாயு மேலே வர வர, குளிர்ந்தது கீழே அழுத்த அழுத்த, ஒன்று மற்றொன்றை இழுத்துக்கொண்டது. வாலு அப்படித்தான் சொன்னாள். சத்தம் மெல்ல மேலே வந்தது. விழுந்த இடத்தையெல்லாம் திரும்பப் பிடித்து, பம்ப் ஓடியபோது இருந்த அளவுக்கே வந்து நின்றது. பெரியவர் கொட்டகைக்குத் தானே நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்தார். வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். "இப்ப தட்டலாமா?" என்று கேட்டார். கூரை எகிறிப் போகிற மாதிரி தட்டினார்கள்.

ஆலையிலிருந்து புது வாயு வந்துகொண்டே இருக்கிறது, அதுவும் சேர்ந்துகொண்டு கீழே போகிறது. இரவு முழுவதும் யாரும் தூங்கவில்லை. இப்போது பொழுது விடிகிறது, இன்னும் ஓடுகிறது. இந்த டீ கொதித்ததும் அதில்தான்.

வாலு மேஜையில் தலையை வைத்துத் தூங்கிவிட்டாள். தூங்கப் போகும் முன் சொன்னாள்: "தாத்தாகிட்ட எழுது. பம்ப் இல்லாம ஓடுது. ஆனா ஓட்டி விட்டது பம்ப்தான்னும் எழுது."

இன்னொரு கிணறு தோண்டப் போகிறார்களாம். அதற்கும் இவள்தான் பொறுப்பு. இவள் இங்கே இருக்கிற வரைக்கும் நானும் இருப்பேன். கோபத்தில் எழுதவில்லை, கோபம் எல்லாம் எப்போதோ தீர்ந்துபோயிற்று. கடிதத்தின் மேல்பாதியை அவளுக்குப் படித்துக் காட்டவில்லை. நான் மட்டும் திரும்பத் திரும்பப் படித்தேன்.

தண்ணீர் நிலையத்தில் மறுபடியும் சொல்லுங்கள். இந்தத் தடவை தைரியமாகச் சொல்லுங்கள்.

உங்களுடையவள்

ஏப்ரல் 20

என்னவளுக்கு,

தண்ணீர் நிலையத்தில் சொல்லியாகிவிட்டது. டீ மூன்று தடவை வந்தது. அதைப் பற்றி அப்புறம்.

முக்கியமான ஒன்றை நீ எழுதவே இல்லை. கழற்றிய துணைப் பம்பை என்ன செய்தீர்கள்? கேட்டுக்கு வெளியே வைத்தோம் என்று எழுதினாய், உள்ளே எடுத்தோம் என்று எழுதவில்லை. எல்லோரும் கைதட்டிக்கொண்டு அதை அங்கேயே விட்டுவிட்டீர்கள், எனக்குத் தெரியும். மோட்டாருக்குள் ஈரம் இறங்கினால் அவ்வளவுதான். உடனே தார்ப்பாய் போட்டு மூடச் சொல். கீழே கட்டை கொடுத்துத் தூக்கி வைக்கச் சொல், மண்ணில் நேராக வைக்கக்கூடாது. சுழலும் பகுதியைத் தினம் ஒரு தரம் கையால் சுற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் இறுகிவிடும். அங்கே இருக்கிற படித்த பிள்ளைகள் ஒருத்தருக்கும் இதற்கு நேரம் இருக்காது. அடுத்த கிணற்றை ஓட்டிவிடும்போது அது வேண்டியிருக்கும்.

அதைப் பார்த்துக்கொள்ள அங்கே ஆள் வேண்டும்.

வீட்டுச் சாவியை வால்வு கையில் கொடுத்துவிட்டேன். சனிக்கிழமை வண்டியில் ஏறுகிறேன், அதுவரைக்கும் நீ போய்ச் சுற்றிவிடு.